பறவைப் படம் மங்கினால் லென்ஸை மாற்ற வேண்டுமா?

நவம்பர் 3, வாசகர் கேள்வி

24 மெகாபிக்சல் கேமரா, க்ராப் சென்சார் (முழு அளவைவிடச் சின்னது), 70-300 மி.மீ. லென்ஸ். பறவைகளை எடுக்கத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. எந்தப் படத்தைக் காட்டினாலும் "ஷார்ப்பா இல்லை" என்று ஒரே பல்லவி. 150-600 லென்ஸ் வாங்கினால் தீருமா? மீன்கொத்தி படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள்.

நவம்பர் 3, இரவு

தீராது. இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

"ஷார்ப் இல்லை" என்றவர்களிடம், எங்கே இல்லை என்று கேட்டீர்களா? படம் முழுக்கவா, பறவை மட்டுமா, பறவையிலும் தலை மட்டுமா? மங்கலுக்குக் குறைந்தது நாலு காரணம் உண்டு, நாலுக்கும் வைத்தியம் வேறு வேறு. காரணம் சொல்லாத விமர்சனத்தை நம்பினால் பணத்தைச் செலவழிக்கத்தான் முடியும்.

மீன்கொத்தியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது உட்கார்ந்திருக்கும் கம்பியில் துருப் பொருக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. கால் விரல்கள் தெளிவு, வயிற்று இறகு தெளிவு. கழுத்துக்கு மேலேதான் கரைகிறது. 300 மி.மீ.யில் ஷட்டர் வேகத்தை 1/160 விநாடி வைத்திருக்கிறீர்கள். கம்பி தப்பித்ததற்கு லென்ஸிலிருக்கும் ஸ்டெபிலைசர் காரணம். அது உங்கள் கை ஆட்டத்தைத்தான் சமாளிக்கும். பறவை தலையைத் திருப்பினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இதே லென்ஸில் 1/800 வைத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அதற்கு ஈடாக ஒளியுணர்வு எண்ணான ஐஎஸ்ஓ 400-லிருந்து 2000-க்கு ஏறியிருக்கும். ஏறட்டும்.

நவம்பர் 4

இன்னொன்று. செய்திச் செயலியில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுக் கூர்மை பற்றித் தீர்ப்புச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அனுப்பும்போதே படம் சுருங்கிவிடும். மூலக் கோப்பைக் கேட்காமல் பேசினால் அவர் செயலியைத்தான் விமர்சிக்கிறார்.

நவம்பர் 6

"நாலு காரணம் என்றீர்களே, எப்படிப் பிரிப்பது?" என்று கேட்டிருக்கிறார்கள். நான் செய்வது இது. படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி நேரே கண்ணுக்குப் போவேன். வெயிலில் எடுத்த படம் என்றால் கண்ணில் சூரியன் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழுந்திருக்கும். அந்தப் புள்ளியின் வடிவம் பாதி கதையைச் சொல்லிவிடும்.

சின்னதாக, விளிம்பு சுத்தமாக இருந்தால் ஃபோகஸும் சரி, வேகமும் சரி. கோடாக இழுபட்டிருந்தால் அசைவு. யார் அசைந்தது என்பதற்குக் கிளையைப் பாருங்கள். மரப்பட்டையில் மின்னும் துணுக்குகளும் அதே திசையில் அதே நீளத்துக்கு இழுபட்டிருந்தால் ஆடியது உங்கள் கை. கிளை சுத்தமாக இருந்து கண் மட்டும் இழுபட்டிருந்தால் ஆடியது பறவை. புள்ளி எந்தப் பக்கமும் இழுபடாமல் பெருத்து வெளிறியிருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. அப்போது கூர்மை வேறெங்காவது போய் உட்கார்ந்திருக்கும், முன்னால் ஒரு இலையிலோ பின்னால் வால் இறகிலோ. தேடிப் பிடித்து, அது பறவைக்கு முன்னாலா பின்னாலா என்று குறித்து வையுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே பக்கமாகத் தப்புகிறது என்றால் கேமராவும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை. சில டிஎஸ்எல்ஆர்களில் இதைச் சரிசெய்ய மெனுவிலேயே ஃபோகஸ் நுண்திருத்தம் உண்டு. முன்னும் பின்னுமாக மாறி மாறித் தப்பினால் கேமராவைக் குற்றம் சொல்ல வேண்டாம், ஃபோகஸ் புள்ளி பறவை மேல் நிற்கவில்லை.

நாலாவது கானல். வரிசையாக எடுத்த படங்களில் அந்தப் புள்ளி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வடிவமாக இருக்கும், இறகின் ஓரம் நெளிந்து தெரியும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடத்தில் ஒளி வளைவதால் வருவது. 1/4000 வைத்தாலும் போகாது, எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் தடுக்காது. உண்மையில் லென்ஸ் நீளமாக ஆக இது கூடுதலாகத்தான் தெரியும், ஏனென்றால் நீளமான லென்ஸ் வைத்திருப்பவர் தூரத்துப் பறவையைக் குறிவைப்பார், நடுவில் அவ்வளவு காற்று.

நவம்பர் 6, பின்குறிப்பு

மேகமூட்டத்தில் இந்தக் கண்புள்ளி வித்தை அவ்வளவாகப் பலிக்காது. வானம் முழுக்க ஒரு வெள்ளைத் திட்டாக விழும். அப்போது அலகின் ஓரத்தைப் பாருங்கள்.

நவம்பர் 12

கேள்வி கேட்டவர் புதிதாகப் போட்ட நீர்க்காகப் படங்களைப் பார்த்தேன். ஷட்டர் 1/1250. நல்லது. நேரம் மதியம் பன்னிரண்டரை, குளத்தின் எதிர்க்கரை, நடுவில் கானல். இதற்குத்தான் முந்தின குறிப்பில் அத்தனை வரி எழுதினேன்! அதே குளம், அதே நீர்க்காகம், வெயில் ஏறுவதற்கு முன்னால் போய் எடுங்கள்.

காரில் உட்கார்ந்து எடுக்கிறவர்களுக்கு: ஏசி போட்டு வந்து கண்ணாடியை இறக்கியவுடன் எடுக்காதீர்கள். உள்ளே குளிர், வெளியே சூடு, லென்ஸ் முன்னாலேயே ஒரு கானலை உண்டாக்கி வைத்திருப்பீர்கள். வெளியே குளிர், உள்ளே ஹீட்டர் என்றாலும் அதே கதை.

நவம்பர் 13

"1/800 கட்டாயமா?" என்று ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். விடியற்காலையில் 1/60-இல் எடுத்த இராக்கொக்கு படத்தைப் போட்டு நிரூபித்தும் விட்டார். ஒப்புக்கொள்கிறேன், அருமையான படம். இராக்கொக்கு கல்லாக நிற்கும். தையல்சிட்டிடம் இதைச் செய்து காட்டட்டும்.

ஆனால் அவர் சொன்னதில் ஒரு உபயோகமான விஷயம் இருக்கிறது. மெதுவான வேகத்தில் தனிப்படமாக எடுக்காமல் தொடர்ச்சியாகச் சுடுங்கள். விரல் அழுத்தும்போது முதல் படம் கெடும், விரலை எடுக்கும்போது கடைசிப் படம் கெடும், நடுவில் ஒன்று பிழைக்கும்.

உங்கள் கேமரா விநாடிக்கு ஐந்துதான் எடுக்கிறது என்று குறைப்பட்டிருந்தீர்கள். 1882-இல் எத்தியன் ஜூல் மரே, பறவை எப்படிச் சிறகடிக்கிறது என்று ஆராய்வதற்காகத் துப்பாக்கி வடிவத்தில் ஒரு கேமரா செய்தார். விநாடிக்கு 12 படம். ஆக, நீங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டைவிடப் பின்தங்கித்தான் இருக்கிறீர்கள். ஆனால் மீன்கொத்தி கம்பியில் உட்கார்ந்திருப்பதை எடுக்க ஐந்து தாராளம்.

நவம்பர் 20

மறுபடி லென்ஸ் கேள்வி. கேள்வி கேட்டவர் யாரிடமோ 150-600 இரவல் வாங்கி எடுத்திருக்கிறார், "முன்பைவிட மோசமாக வருகிறது" என்கிறார். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். க்ராப் சென்சாரில் 300 மி.மீ., லென்ஸ் துளை எஃப் 5.6, பறவை 10 மீட்டரில் இருந்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 25 செ.மீ. அதே தூரத்தில் 600 மி.மீ., எஃப் 6.3 என்றால் சுமார் 7 செ.மீ. 5 மீட்டருக்கு நெருங்கினால் 2 செ.மீ.கூடத் தேறாது.

இப்போது அவருடைய தேன்சிட்டைப் பாருங்கள். மொத்தமே பத்து செ.மீ.தான் இருக்கும். நம் பக்கம் திரும்பிப் பூவில் அலகை விட்டிருக்கிறது. அலகின் வளைவில் ஒட்டிய மகரந்தத் தூள் மணி மணியாகத் தெரிகிறது. கண் கரைந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு செ.மீ. தூரம், அவ்வளவுதான். 300-இல் எடுத்திருந்தால் இரண்டும் தப்பித்திருக்கும், பறவை மட்டும் சின்னதாக இருந்திருக்கும். பெரிய லென்ஸில் துளையைச் சுருக்கி எஃப் 8-க்குப் போங்கள், ஒற்றைப் புள்ளி ஃபோகஸைக் கண்ணிலேயே வையுங்கள், பறவை பக்கவாட்டில் நிற்கும்போது அழுத்துங்கள். கை ஆட்டமும் இரண்டு மடங்காகத் தெரியும் என்பதால் 1/1000-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. பழகிய கைக்கு விதிவிலக்கு உண்டு.

இப்படிச் சொல்வதால் 600 வேண்டாம் என்று அர்த்தமில்லை. தூரம் குறையாமல் 300-லிருந்து 600-க்குப் போனால் பறவை படத்தில் நாலு மடங்கு இடம் பிடிக்கும். அது பெரிய லாபம். ஆனால் பாதித் தூரம் நெருங்கினாலும் அதே நாலு மடங்குதான், கானலும் குறையும். நெருங்குவது என்றால் நடந்து போவதில்லை. பறவை திரும்பத் திரும்ப வரும் கிளையைக் கண்டுபிடித்து, வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, உட்கார்ந்துவிடுவது. நேராக அதை நோக்கி நடந்தால் எந்தப் பறவையும் இருக்காது. இரை தேடுவதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டிப் பார்க்கிறதா? அதோடு நில்லுங்கள். இன்னும் ஒரு அடி வைத்தால் வெறும் கிளையைத்தான் எடுப்பீர்கள்.

நவம்பர் 21

க்ராப், அதாவது படத்தை வெட்டுவது பற்றிக் கேட்டதற்கு: 6000 x 4000 படத்தில் அகலத்திலும் உயரத்திலும் பாதியை வெட்டினால் மிச்சம் 6 மெகாபிக்சல். திரையில் பார்க்கப் போதும். அதற்கும் மேல் வெட்டுகிறீர்கள் என்றால் பறவை தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான். அதை மென்பொருளில் கூர்மையாக்கினால் ஓரங்களில் வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டைத்தான் பலர் கூர்மை என்று நினைத்துப் பாராட்டுகிறார்கள்.

நவம்பர் 27

இன்றைக்கு ஒரு வேடிக்கை. கேள்வி கேட்டவரின் கரிச்சான் படத்துக்கு அடுத்தடுத்து மூன்று பேர் "கண்ணில் ஃபோகஸ் இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள். கண் பால் ஊற்றினதாக வெளுத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் கண்ணைச் சுற்றியுள்ள இறகுகளைப் பாருங்கள், அலகடி மயிரைப் பாருங்கள். ஒவ்வொரு இழையும் தெளிவு. கண் மட்டும் எப்படித் தனியாக மங்கும்? மூன்றாவது இமை. பறவைகளுக்கு மேல் இமை, கீழ் இமை தவிர, பக்கவாட்டில் ஓடிக் கண்ணை மூடும் ஒரு மெல்லிய தோல் உண்டு. நொடிக்குள் மூடித் திறந்துவிடும், நம் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியாது, கேமராவில் மாட்டிக்கொள்ளும். வரிசையில் அடுத்த படத்தைப் போடச் சொன்னேன். போட்டார். கண் பளிச்சென்று இருக்கிறது.

தனியாக ஒரு படம் மட்டும் எடுத்திருந்தால் பாவம், ஃபோகஸ் அமைப்பையெல்லாம் மாற்றிக்கொண்டு திரிந்திருப்பார்.

டிசம்பர் 2

வெள்ளைக் கொக்கு. கேமரா கணக்கிடும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் ஒன்றில் வையுங்கள். கேமரா எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். கொக்குக்குப் பின்னால் இருண்ட நாணல் இருந்தால் நாணலை வெளிச்சமாக்கப் போய்க் கொக்கின் இறகெல்லாம் எரிந்துவிடும். எரிந்த வெள்ளையில் கூர்மையைத் தேடிப் பயனில்லை, அங்கே தகவலே இல்லை.

டிசம்பர் 3

"வெள்ளைப் பறவைக்குப் பிளஸ்தான் போட வேண்டும்" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். நேற்று நாணல் என்று எழுதியிருந்தேனே! அவர் சொல்வது கொக்கு படத்தை நிறைத்து நிற்கும்போதும், பின்னால் வெளுத்த வானம் இருக்கும்போதும் சரி. அப்போது கேமரா மொத்த வெள்ளையையும் சாம்பலாக்கிவிடும், பிளஸ் வேண்டும். பறவையின் நிறத்தைப் பார்க்காமல் சட்டத்துக்குள் எது அதிகம் என்று பாருங்கள். வானத்தில் கரிச்சான் என்றாலும் பிளஸ், இரண்டு வரைகூடப் போகலாம்.

பறக்கிற கொக்குக்கு இரண்டும் உதவாது. ஒரு நொடி நாணல், மறுநொடி வானம். மேனுவலில் வைத்து அளவுகளை நீங்களே குறித்துவிடுங்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 1/3200 என்று தொடங்கி ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தைப் பார்த்துக் கொஞ்சம் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். பின்னணி எப்படி மாறினாலும் கொக்கின் மேல் விழும் வெயில் மாறவில்லை. அதே வெயிலில் நாணல் நிறப் பறவை என்றால் 1/1600.

கொக்கு கிளம்பப் போவதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: உடம்பைத் தாழ்த்திக் கழுத்தை முன்னால் நீட்டும், பல நேரம் எச்சமும் இடும். பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். அதனால் காற்றும் வெயிலும் உங்கள் முதுகில் இருந்தால் பறவை உங்கள் பக்கமாக வரும். இரண்டும் ஒத்துவராத நாட்களில் வால்களைத்தான் எடுப்போம்.

டிசம்பர் 15

"சூப்பர்", "அற்புதம்", கைதட்டும் பொம்மைகள். கேள்வி கேட்டவரின் கடைசி ஐந்து படத்துக்கும் இதுதான் வந்திருக்கிறது. கேட்க இனிக்கும், அடுத்த படத்துக்கு ஒன்றும் உதவாது. என் பங்குக்கு: கூர்மை வந்துவிட்டது, இப்போது எல்லாப் படத்திலும் பறவையின் தாடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நின்றுகொண்டே எடுக்கிறீர்கள் என்றால் மரத்துப் பறவைக்குத் தாடை, தரைப் பறவைக்கு முதுகு. சேற்றில் மேயும் உள்ளான்களுக்குத் தரையில் படுங்கள். பறவையின் கண் மட்டத்துக்கு லென்ஸ் இறங்கியதும் பின்னால் இருக்கும் தரை தூரமாகப் போய்விடும், பின்னணி தானாகக் கரையும். அதற்காகத் தனி லென்ஸ் தேவையில்லை, சேற்றைத் துடைக்கத் துணிதான் தேவை.

மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்களே, "இன்னும் வெட்டு", "முன்னால் இடம் விடு", "குச்சியை அழித்துவிடு" என்று. முதல் இரண்டும் ரசனை. செம்மீசைச் சின்னான் வலது பக்கம் பார்க்கிறது என்றால் வலது பக்கம் இடம் விடுவதுதான் எனக்குப் பிடிக்கும், கட்டாயமில்லை. மூன்றாவது அப்படியில்லை. குச்சியை மென்பொருளில் அழித்துவிட்டுப் போட்டிக்கு அனுப்பினால், பெரிய போட்டிகளில் கேமரா பதிவுசெய்த ரா கோப்பைக் கேட்பார்கள், வெளியே போக வேண்டியதுதான். வீட்டுச் சுவருக்கென்றால் உங்கள் இஷ்டம். நானாக இருந்தால் இரண்டடி நகர்ந்து எடுத்திருப்பேன்.

டிசம்பர் 16

நாய்ஸ், அதாவது படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள் பற்றிய புலம்பலுக்குச் சுருக்கமாக: ஐஎஸ்ஓ 3200 படத்தின் நாய்ஸை இன்றைய மென்பொருள் துடைத்துவிடும். அசைவில் மங்கிய இறகை எந்த மென்பொருளும் உண்மையாகத் திருப்பித் தராது, புதிதாக ஒன்றை வரைந்து வேண்டுமானால் கொடுக்கும். மா. கிருஷ்ணன் (1912-1996) எடுத்த காட்டுயிர்ப் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை, ஃபிலிம் மணிகளோடு இருக்கும். யாரும் அவரிடம் நாய்ஸ் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

ஜனவரி 8

பறவைக் கூட்டின் படத்துக்கு இங்கே கூர்மையைப் பற்றி எழுத மாட்டேன் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். கிளையை ஒதுக்கி எடுத்திருப்பது தெரிகிறது. குஞ்சுகளின் மேல் நேர் வெயில் விழுகிறது, மறைவு போனதால் காகத்துக்கும் வழி தெரியும். தாய் திரும்பி வராமல் போகவும் கூடும். கிளையைப் பழையபடி விட்டுவிட்டு விலகிவிடுங்கள், படத்தில் இடத்தின் பெயர் இருந்தால் எடுத்துவிடுங்கள். அரிய பறவைகள் சிலவற்றின் இருப்பிடத்தை, பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் தளமே பொதுப் பார்வையிலிருந்து மறைத்து வைக்கிறது. காரணம் இதுதான்.

போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் அப்படியே. எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து இரை தேடுவதை விட்டு ஓடி வருகிறது. அப்படி எடுத்த படத்தில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

ஜனவரி 9

கூட்டருகே போகிறவர்களுக்குக் கூடுதல் தகவல்: எரிக் ஹோஸ்கிங் என்ற ஆங்கிலேயப் பறவைப் படக்காரருக்கு 1937-இல் ஆந்தை ஒன்றின் தாக்குதலில் ஒரு கண் போனது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் படமெடுத்தார் என்பது வேறு விஷயம். பெரும்பாலான கேமராக்களில் வ்யூஃபைண்டர் ஒற்றைக் கண்ணுக்குத்தானே.

பிப்ரவரி 22

கடைசியாக வந்த படம் முழு மங்கல். கிளைக்குள் நிழல், 1/100, ஃபோகஸ் முன் இலையில். "வல்லூறு, அழித்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார், நாலு பேர் அழிக்கச் சொல்லிவிட்டார்கள்.

அழிக்காதீர்கள். அது வல்லூறு இல்லை. வல்லூறு என்றால் நீண்ட மஞ்சள் கால் தெரியும், நிமிர்ந்து நிற்கும், அலகு குட்டையாகக் கொக்கி போட்டிருக்கும். இதில் கால் இருப்பதே தெரியவில்லை, உடம்பு கிளையோடு படுக்கையாக இருக்கிறது, அலகு மெலிந்து நீண்டிருக்கிறது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம்கூட மங்கலாகத் தெரிகிறது. அக்காக்குயில். வல்லூறு மாதிரியே உடையும் பறப்பும், சின்னப் பறவைகளே ஏமாந்து கத்தும்.

கோப்பைத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள், ஈபேர்டில் ஏற்றுங்கள். படத்தின் தரத்துக்கு ஒரு நட்சத்திரம் போடுவார்கள், பறவையை உறுதிசெய்ய அது போதும். தலைப்பில் வல்லூறு என்று போட்டுவிட வேண்டாம். வரிசையில் வால் விரிந்த படம் ஏதாவது இருந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அதையும் போடுங்கள். வால் பட்டைகளைப் பார்க்க வேண்டும்.